தொளதொளச் சட்டையும் வெந்நீரும்

அன்புள்ள தம்பிக்கு,

42 அளவில் வாங்கிய பருத்தி டி-சர்ட்டை வெந்நீரில் முக்கி 38-க்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியாது என்பதே என் கட்சி. சூடுதான் பருத்தியைச் சுருக்குகிறது என்ற நம்பிக்கையிலேயே கோளாறு இருக்கிறது. முதலில் வேலை செய்வது தண்ணீர். ரவிக்கை தைக்கும் தையல்காரர் லைனிங் துணியை முன்கூட்டியே நனைத்துக் காயவைத்துத் தரச் சொல்வாரே, பச்சைத் தண்ணீரே அவருக்குப் போதும். நூற்பில், நெசவில், சாயப்பட்டறையில் என்று வழிநெடுக நூல் இழுபட்டே வருகிறது. இழுபட்டபடியே காய்ந்து நின்றுவிடுகிறது. நீர் பட்டதும் இழை பருமனில் ஊதும், நீளத்தில் அவ்வளவாக மாறாது. ஊதிய நூலை வளைந்து கடக்கக் குறுக்கே ஓடும் நூலுக்குக் கூடுதல் நீளம் வேண்டும். அது துணியின் அளவிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஆலை எவ்வளவு இழுத்ததோ, ஏறக்குறைய அவ்வளவுதான் திரும்பும்.

அந்த மிச்சத்தையும் ஆலைகள் லேசில் விட்டுவைப்பதில்லை. அமெரிக்கரான சான்ஃபோர்ட் க்ளூயெட், ஈரத் துணியைத் தடித்த பட்டையோடு சேர்த்து ஓட்டி முன்னதாகவே சுருக்கிவிடும் முறைக்கு 1930-இல் காப்புரிமை பெற்றார். ‘சான்ஃபரைஸ்டு’ என்ற சொல் அவர் பெயரில் பிறந்ததுதான். அப்படிச் செய்த நெய்த துணி 1 சதவீதம் சுருங்கினாலே அதிகம். திருப்பூரில் பின்னல் துணிக்குக் காம்பாக்டிங் செய்வதும் இதற்காகவே. பின்னலாடையில் 5 சதவீதம் வரை பொறுத்துக்கொள்வது வழக்கம். 42-இல் அது 2 அங்குலம். உனக்கோ 4 அங்குலம் குறைய வேண்டும். போதாக்குறைக்கு, பின்னல் கண்ணிகள் நெடுக்கில்தான் அதிகம் இழுபட்டிருக்கும். எனவே மார்புத் தொளதொளப்பு அப்படியே இருக்க, சட்டை தொப்புளுக்கு ஏறிக்கொள்ளும்.

கம்பளி ஸ்வெட்டர் ஒரே துவைப்பில் பொம்மைச் சட்டையாகிவிடுகிறதே என்பாய். கம்பளி இழையில் செதில்கள் உண்டு. அலசும்போது ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகிவிடும். பருத்திக்குச் செதில் கிடையாது. டிரையரில் சுருங்குகிறதே என்றால், அங்கேயும் புரட்டிப் புரட்டிப் போடுவதில் நூல்களின் பிடி தளர்வது முக்கியக் காரணம். திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்தால்? முதல் சில துவைப்புகளிலேயே சுருங்க வேண்டியது சுருங்கிவிடும். அதற்குப் பின் வெளுப்பது சாயம்தான். பாலியஸ்டர் கலந்திருந்தால் அந்த முதல் சுருக்கமும் குறைவே.

ஓர் அளவு மட்டும் பெரிதென்றால் முயன்று பார். 60 டிகிரி வெந்நீரில் தனியாகத் துவை. கொடியில் தொங்கவிடாதே, ஈரத்தின் கனமே மறுபடி இழுத்துவிடும். பாயில் விரித்துக் காயவை. பிறகு இஞ்சு டேப்பால் அளந்து பார். மிச்சத்தை ஓவர்லாக் மெஷின் வைத்திருக்கும் தையல்காரரிடம் கொடுத்து, பக்கத் தையலைப் பிடித்துத் தரச் சொல். துவைக்காமல் முதலில் பிடித்துவிட்டால், அடுத்த அலசலில் சட்டை இறுக்கமாகி உன் தம்பிக்குப் போய்விடும்.

அன்புடன்,
அண்ணன்