வாய் பேசா நோயாளிகள்

உடல்நலம் இல்லாத ஒருவர் மருத்துவரிடம் சென்றால், எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, கடைசியாக என்ன சாப்பிட்டோம் என்பதையெல்லாம் சொல்லிவிடலாம். கால்நடை மருத்துவரிடம் வரும் நோயாளியோ மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். அச்சத்தில் கடிக்கவும் செய்யும். ஈறின் நிறத்தைப் பார்த்தும், வயிற்றை அழுத்திப் பார்த்தும், இரத்தத்தைச் சோதித்தும்தான் அவர் நோயைக் கண்டறிய வேண்டும். மற்றவற்றை உரிமையாளரிடம் கேட்டறிய வேண்டும். உரிமையாளரோ எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை.

மலேசியாவில் இத்தொழிலை மேற்கொள்ள விரும்புவோர் செர்டாங்கில் உள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்திலோ கிளந்தான் பல்கலைக்கழகத்திலோ ஐந்தாண்டுகள் பயில்கின்றனர். பூனை, நாய் மீது கொண்ட பிரியத்தால் சேரும் மாணவர்கள் மாடு, ஆடு, கோழி, குதிரை, மீன் ஆகியவற்றின் நோய்களையும் கற்க வேண்டியிருக்கும். பட்டம் பெற்றபின் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிந்துகொண்ட பிறகே சிகிச்சை அளிக்கலாம். நகரச் சிகிச்சையகங்களில் பெரும்பாலான நாள்கள் தடுப்பூசி, கருத்தடை அறுவை, உண்ணிக் காய்ச்சல், தோல் நோய் என்றே கழியும்.

ஆயினும், சில நோயாளிகள் மருத்துவரின் திறமையை மட்டுமன்றி மனச்சான்றையும் சோதித்துவிடுவர். காய்ச்சலால் சோர்ந்து கிடக்கும் பூனைக்கு வீட்டில் உள்ள பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடும் குடும்பங்கள் உண்டு. மனிதருக்குப் பாதுகாப்பான அம்மருந்து பூனைக்கு நஞ்சு. அதனைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதன் உயிரைப் பறித்துவிடலாம். ஈறு நீலம் பாய்ந்து, முகம் வீங்கி, மூச்சுத் திணறும் நிலையில் பூனையைத் தூக்கிக்கொண்டு வருபவர், “நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, டாக்டர்” என்பார். மாத்திரையைப் பற்றி வாய் திறக்க மாட்டார்.

அந்நேரத்தில் மருத்துவர் கோபப்பட்டால் என்ன ஆகும்? உரிமையாளர் உண்மையை மேலும் மறைப்பார். முறிவு மருந்து இருக்கிறது. ஆனால், தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். எனவே, அனுபவம் மிக்கவர்கள், “மாத்திரை கொடுத்தீர்களா?” என்று அதட்டுவதில்லை. “வலி தாங்காமல் தவித்திருக்கும், நிறைய பேர் வீட்டு மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். நீங்கள் எதைக் கொடுத்துப் பார்த்தீர்கள்?” என்று கேட்பார்கள். பழி சுமத்தாத கேள்விக்குத்தான் பதில் விரைவாக வரும்.

பணத்தால் எழும் சிக்கல் இன்னும் கடினமானது. வளர்ப்புப் பிராணிகளுக்குக் காப்புறுதி எடுத்தவர்கள் மிகச் சிலரே. தனியார் சிகிச்சையகத்தில் செலவு முழுவதையும் உரிமையாளரே ஏற்க வேண்டும். காரில் அடிபட்டு இரண்டு கால்களும் முறிந்த இளம் நாயைத் தொழிற்சாலை ஊழியர் ஒருவர் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சை செய்தால் அது பிழைத்து நன்றாக ஓடும். ஆனால், அதற்கான தொகை அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை விஞ்சிவிடும். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் மூவர். மருத்துவர் இலவசமாகச் செய்து கொடுக்கலாமே என்று தோன்றும். ஒருமுறை செய்யலாம். வருபவர் எல்லாருக்கும் செய்தால் தாதியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. சில மாதங்களில் சிகிச்சையகத்தையே மூட வேண்டிவரும். தவணைமுறையில் கட்டச் சொல்லலாம். விலங்கு நல அமைப்புகளிடம் உதவி கேட்கலாம். செலவு குறைந்த வேறு சிகிச்சையைத் தேடலாம். இவையெல்லாம் கைகூடாதபோது, வலியின்றி அதன் உயிரைப் பிரியச் செய்யும் கருணைக்கொலையைப் பற்றிப் பேச வேண்டிவருகிறது. குணப்படுத்தக்கூடிய நோயாளியிடம் அந்த ஊசியோடு நிற்பது எந்த மருத்துவருக்கும் எளிதன்று.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. புற்றுநோய் முற்றி, எழவும் இயலாத முதிய நாயை வைத்துக்கொண்டு, “எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை” என்று கண்ணீர் விடுவார் ஒருவர். சிகிச்சையைத் தொடர்ந்தால் சிகிச்சையகத்திற்கு வருமானம், நாய்க்கோ வேதனை. இங்கே உண்மையை எடுத்துச் சொல்லாத மருத்துவரைக் கனிவானவர் என்று சொல்ல முடியாது.

வேறொருவர் அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்வதால், நோய் எதுவும் இல்லாத நாயைக் கருணைக்கொலை செய்யச் சொல்வார். மருத்துவர் மறுக்கலாம், பலர் மறுத்தும் விடுகின்றனர். ஆனால், மறுத்த மறுநாள் அந்த நாய் சந்தை ஓரத்தில் விடப்பட்டுப் பசியால் வாடவும் கூடும். அதனால், மறுப்பதோடு நின்றுவிடாமல், அதனை எடுத்து வளர்க்கும் குடும்பத்தைத் தேடி நண்பர்களையும் காப்பகங்களையும் அழைத்துக்கொண்டிருக்கும் மருத்துவர்களும் இருக்கின்றனர். வேலை நேரம் முடிந்த பிறகே அவர்களுக்கு அதற்கு நேரம் கிடைக்கிறது.

பண்ணைகளிலோ ஒரு விலங்கின் நோய் ஊரையே பாதிக்கலாம். 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு அருகிலுள்ள பன்றிப் பண்ணைகளில் பன்றிகள் மூச்சுத் திணறி, உரக்க இருமின. பண்ணையில் வேலை செய்தவர்களுக்கும் மூளைக் காய்ச்சல் கண்டது. முதலில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று கருதப்பட்டது. கொசு மருந்து அடிக்கப்பட்டது. நோய் அடங்கவில்லை. அச்சமடைந்த பண்ணையாளர்கள் பன்றிகளை அவசரமாக விற்றனர். நோயுற்ற பன்றிகள் தெற்கே நெகிரி செம்பிலான் வரை சென்றன. நோயும் கூடவே சென்றது. 1999 மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுவா காவ் பிங் அதுவரை அறியப்படாத ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா என்னும் ஊரின் பெயரால் அது நிப்பா கிருமி எனப்பட்டது. பழந்தின்னி வெளவால்களிடமிருந்து அது பன்றிகளுக்கு வந்திருந்தது. மலேசியாவில் 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கூடத்தில் வேலை செய்தவர்களையும் நோய் தாக்கியது. நோயை நிறுத்தப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. உயிர்களைக் காக்கப் படித்த கால்நடை மருத்துவர்கள் அப்பணியிலும் ஈடுபட வேண்டியிருந்தது.

விலங்குகளுக்குத் தொற்றுநோய் கண்டதாக ஐயம் ஏற்பட்டால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என 1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் கூறுகிறது. சட்டத்தில் அது ஒரு வரிதான். பண்ணைக்குச் செல்லும் மருத்துவருக்கோ எதிரே நிற்கும் மனிதரின் முகமும் தெரியும். “இரண்டு நாள் பொறுங்கள், டாக்டர். மருந்து கொடுத்துப் பார்ப்போம். வெளியே தெரிந்தால் என் பண்ணை போய்விடும்” என்று அவர் கெஞ்சுவார். அவர் சொல்வதில் பொய் இல்லை. பண்ணை போகத்தான் போகலாம். மருத்துவர் மாதிரிகளை எடுத்துக் குப்பியில் அடைத்து, காலணிகளைக் கிருமிநாசினியில் கழுவிவிட்டு, காரில் ஏறியதும் கால்நடைச் சேவைத் துறைக்குத் தொலைபேசியில் தகவல் சொல்கிறார். அந்தப் பண்ணையிலிருந்து அவருக்கு மறுபடியும் அழைப்பு வராமலே போகலாம்.