கேட் வரை போனவர் உள்ளேயும் போகலாம்

கேள்வி: எனக்கு வயது 43. தறிப்பட்டறையில் வேலை. தினமும் குடிக்கிறேன். போன கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டபோது ஒரு மண்டலம் சொட்டுகூடத் தொடவில்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய மறுநாளே பழையபடி ஆகிவிட்டேன். இப்போது காலையில் எழுந்தாலே கை நடுங்குகிறது. ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது. குடியை விட்டவர்கள் கூடும் ஏஏ கூட்டம் பக்கத்து டவுனில் நடப்பதாகச் சொன்னார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கேட் வரை போய்த் திரும்பிவிட்டேன். தெரிந்தவர் யாராவது உள்ளே இருந்தால் மானம் போய்விடுமே மேடம்? இடம் வேறு சர்ச் வளாகம். அங்கே என்னதான் செய்வார்கள்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: சகோதரரே, முதலில் உங்கள் கை நடுக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். தினமும் குடித்துப் பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தாங்காது. முதல் இரண்டு நாளில் சிலருக்கு வலிப்பு வரும். அடுத்த ஓரிரு நாளில் இல்லாதது கண்ணில் தெரியும், புத்தி தடுமாறும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் வைராக்கியமாக வீட்டிலேயே நிறுத்திப் பார்க்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்து, பி1 வைட்டமின் ஏற்றி, சில நாட்களில் உடம்பைப் பத்திரமாகக் கரை சேர்ப்பார்கள்.

மருந்து உடம்பைத் தேற்றும். ஆனால் வீடு திரும்பிய பிறகு, சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும் சாயங்காலம் வரும். அந்தச் சாயங்காலத்துக்குத்தான் ஏஏ என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்.

இது பிறந்த கதையைக் கேளுங்கள். 1935, அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். குடியை விட்டுச் சில மாதமே ஆன பில் என்பவர் தொழில் விஷயமாக அங்கே போன இடத்தில் காரியம் கைகூடவில்லை. தங்கிய ஓட்டலின் பார் அவரை இழுத்தது. குடிக்காமலிருக்க இன்னொரு குடிநோயாளியிடம் பேசியாக வேண்டும் என்று தேடி, பாப் என்ற அறுவைசிகிச்சை மருத்துவரைச் சந்தித்தார். கால் மணி நேரம்தான் என்று சொல்லி உட்கார்ந்த பாப், மணிக்கணக்கில் பேசினார். புத்திமதி சொன்னவர்கள் அவருக்கு நிறைய பேர்; தன்னைப் போலவே குடித்தவர் வந்து பேசியது அன்றைக்குத்தான். பாப் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐயே ஏஏ தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

இன்றும் உள்ளே நடப்பது அதே பேச்சுதான். ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்பார். தான் குடித்த கதையை, விட்ட கதையைச் சொல்வார். நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள். பேச விருப்பமில்லையென்றால் நீங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். கட்டணம் கிடையாது, உண்டியல் சுற்றி வந்தால் விரும்பியதைப் போடலாம். குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. சர்ச் இடம் தருகிறது, அவ்வளவுதான். கடவுள் என்ற சொல் காதில் விழும். எந்தச் சாமி என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மானத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உள்ளே தெரிந்தவர் இருந்தால், அவரும் அதே நோய்க்குத்தான் வந்திருக்கிறார். அங்கே பார்த்தவரை, கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பது அவர்கள் காக்கும் ஒழுங்கு. அப்படியும் மனம் ஒப்பவில்லையா, ஈரோட்டிலோ சேலத்திலோ நடக்கும் கூட்டம் ஒன்றை விசாரித்துப் போங்கள். நேரமும் இடமும் மருத்துவமனை ஆலோசகரிடம் கேட்டால் தெரியும். 14446 போதை மீட்பு உதவி எண். மனம் தவிக்கிற நேரத்தில் 14416. இரண்டுக்கும் கட்டணமில்லை. திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்றும் கேளுங்கள். திறந்ததற்கு மனைவியும் வரலாம். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்று தனிக் கூட்டமும் உண்டு.

திறந்த கூட்டம் ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். புதிதாக வந்தவர் கதவோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். டீ கொடுத்துக்கொண்டு வந்த பெரியவர், எல்லோருக்கும் முழு டம்ளர் ஊற்றியவர், அவருக்கு மட்டும் அரை டம்ளர் ஊற்றினார். நடுங்கும் கையில் முழு டம்ளர் சிந்தும், சிந்தினால் கூசிப்போவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு காலத்தில் அவரே டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தவர்.

கடைசியாக ஒன்று. ஒரு மண்டலம் உங்களால் முடிந்தது எப்படி என்று யோசித்தீர்களா? பக்தி ஒரு பாதி. மறு பாதி, சாயங்காலமானால் பஜனை, கூடவே பத்து சாமிகள், தடுமாறினால் கேட்க ஒரு குருசாமி. மாலையைக் கழற்றிய அன்று பக்தி குறையவில்லை, கூட்டம் கலைந்துவிட்டது. ஏஏ-யில் குருசாமி இடத்தில் ஸ்பான்சர் இருப்பார். குடிக்கத் தோன்றும் நேரத்தில் போன் செய்யலாம். “இன்று ஒரு நாள் குடிக்க மாட்டேன்” என்பதுதான் விரதம். நாளைக்கு அதையே புதிதாகச் சொல்லிக்கொள்வீர்கள். மாலை கழற்றும் நாள் மட்டும் இங்கே கிடையாது.

நாளைக் காலை மருத்துவமனைக்குப் போங்கள். அவர்கள் அனுப்பியதும், குழுவின் எண்ணில் கூப்பிட்டு, “புதிதாக வருகிறேன், கேட்டில் யாராவது நிற்பீர்களா?” என்று கேளுங்கள். நிற்பார்கள். அந்த கேட் வரை வந்து திரும்பிப் போனவர்கள்தான் அவர்களிலும் பலர்.