போர்க்களத்துக்கு அப்பால்: எமிலி ஹாப்ஹவுஸ் அம்மையார்

தென்னாப்பிரிக்காவில் போயர் போர் 1899 முதல் 1902 வரை நடைபெற்றது என்பதை யாம் பல்லாண்டுகள் வகுப்பறையில் சொல்லியிருக்கிறோம். தளபதிகளின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதினோம். லேடிஸ்மித், மாஃபெகிங் முற்றுகைகளைத் தேசப்படத்தில் குறித்தோம். காயமுற்றோரைத் தூக்கிச் செல்லும் தொண்டர் படையைக் காந்தியடிகள் அமைத்தார் என்பதையும் மறவாமல் சேர்த்துக்கொண்டோம். மணி அடித்தது, அடுத்த பாடத்துக்குச் சென்றோம். அப்போரில் களத்தில் மாண்ட போயர் வீரரைக் காட்டிலும் முகாம்களில் மாண்ட போயர் குழந்தைகள் பன்மடங்கு அதிகம் என்பதை ஒரு நாளும் சொன்னோமில்லை. பாடநூலில் அச்செய்தி இல்லை என்பது ஒரு காரணம். யாம் தேடிப் படிக்கவில்லை என்பது மற்றொன்று.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் பாடக்குறிப்பின் முதற்கட்டத்தில் 'பாடத்தின் நோக்கம்' என்று எழுதுவது வழக்கம். இப்பாடத்துக்கு யாம் எழுதிவந்த நோக்கம், 'போரின் காரணங்களையும் விளைவுகளையும் அறிதல்' என்பது. விளைவு என்று யாம் கருதியது உடன்படிக்கை ஒன்றையே. அக்குறையை ஓய்வுக்குப் பின்னரேனும் நீக்கிக்கொள்ளும் பொருட்டே இக்கட்டுரை.

ஐரோப்பாவில் போரை எதிர்த்துப் பாடுபட்ட பெண்டிர் பலர். 1889இல் 'ஆயுதங்களைக் கீழே போடுங்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் நாவல் எழுதி, 1905ஆம் ஆண்டுக்குரிய நோபல் அமைதிப் பரிசைப் பெற்ற ஆஸ்திரிய நாட்டுப் பெர்த்தா வான் சுட்னர் அவர்களை வாசகர் அறிந்திருக்கலாம். அப்பரிசைப் பெற்ற முதற்பெண்மணி அவரே. முதல் உலகப் போர் மூள்வதற்குச் சில வாரங்களே இருக்கையில், 1914 ஜூன் 21 அன்று அவர் மறைந்தார். அவரைப் பற்றி எழுதுவோர் பலர். யாம் இங்கு எடுத்துக்கொண்டவர், பரிசு எதுவும் பெறாதவர். தம் நாட்டாராலேயே துரோகி எனத் தூற்றப்பட்டவர்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் பகுதியில் 1860 ஏப்ரல் 9 அன்று எமிலி ஹாப்ஹவுஸ் பிறந்தார். தந்தையார் கிறித்தவ குருமார்களுள் ஒருவர். தாயார் மறைந்தபின் நோயுற்ற தந்தையாரைப் பேணுவதிலேயே மகளின் இளமை கழிந்தது. 1895இல் தந்தையார் காலமானபோது அவருக்கு வயது 34. உலகத்தைப் பாராமல், வீட்டுக் கடமையிலேயே ஊன்றியிருந்த ஒரு பெண் அவ்வயதில்தான் வெளியே வந்தார் என்பதை நம் சகோதரியர் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டாவில் சுரங்கத் தொழிலாளரிடையே சில காலம் தொண்டு செய்தார். அவர் உறுதி செய்துகொண்ட திருமணமும் நடவாமற் போயிற்று. 1898இல் நாடு திரும்பினார். மறு ஆண்டு போர் தொடங்கியது.

முகாம்கள் எழுந்த வரலாறு

போயர் என்போர் டச்சு வழிவந்த குடியானவர். டிரான்ஸ்வால், ஆரஞ்சு சுதந்திர நாடு என்னும் இரு குடியரசுகளை நடத்திவந்தனர். டிரான்ஸ்வாலில் தங்கம் கிடைத்ததும் தொல்லை தொடங்கிற்று. 1900ஆம் ஆண்டின் நடுவில் தலைநகரங்கள் ஆங்கிலேயர் வசமாயின; ஆயினும் போயர் வீரர் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து மறைந்திருந்து தாக்கினர். அவர்களுக்கு உணவும் செய்தியும் பண்ணை வீடுகளிலிருந்தே கிடைக்கின்றன எனக் கண்ட ஆங்கிலத் தளபதிகள் அவ்வீடுகளையே அழிக்கத் துணிந்தனர். ஏறக்குறைய 30,000 பண்ணை வீடுகள் கொளுத்தப்பட்டன. பயிர் தீக்கிரையாயிற்று, ஆடுமாடுகள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டன. வீடிழந்த பெண்டிரும் பிள்ளைகளும் முதியோரும் திறந்த வண்டிகளில் ஏற்றப்பட்டு, இருப்புப்பாதை ஓரங்களில் அடிக்கப்பட்ட கூடாரங்களில் விடப்பட்டனர். அரசு அவற்றை 'அகதி முகாம்' என்றது.

இங்கிலாந்தில் இருந்த எமிலி அம்மையார் இச்செய்தியை அறிந்து, பெண்டிர்க்கும் பிள்ளைகளுக்குமாக ஒரு துயர் துடைப்பு நிதி திரட்டினார். பணத்தை அனுப்பிவிட்டு அமர்ந்திருக்க அவருக்கு மனமில்லை. தம் கையாலேயே கொடுக்க வேண்டும் எனக் கருதி 1900 டிசம்பரில் கப்பலேறினார். அவர்தம் சிறிய தந்தையார் ஹாப்ஹவுஸ் பிரபு, முன்பு நம் நாட்டில் வைசிராயின் ஆலோசனைச் சபையில் சட்ட உறுப்பினராக இருந்தவர். இத்தகைய குடும்பத் தொடர்பினால் கேப் டவுனில் ஆளுநர் மில்னரைக் காண முடிந்தது. தளபதி கிச்னர் பிரபுவோ புளூம்பான்டெய்ன் நகர் வரை மட்டுமே செல்ல இசைந்தார். உடையும் உணவுப் பொருளும் நிறைந்த ஒரு சரக்குப் பெட்டியுடன் 1901 ஜனவரி 24 அன்று அவர் அந்நகரை அடைந்தார்.

சோப்பும் சுடுநீரும்

நகருக்குச் சிறிது தொலைவில், மரமில்லாத மேட்டுச் சரிவில், ஏறத்தாழ 2,000 பேர் கூடாரங்களில் அடைபட்டிருந்தனர். கோடைக்காலம். துணிக் கூடாரத்தினுள் வெப்பம் தாங்க முடியாதது. மழை பெய்தாலோ தரை முழுதும் சேறு. படுக்கக் கட்டில் இல்லை. குடிநீர் மாடர் ஆற்றிலிருந்து வந்தது. அந்நீரைக் குடித்தவர்க்கு விஷக்காய்ச்சல் கண்டது. காய்ச்சிக் குடிக்கலாமே எனின், விறகு சமையலுக்கே போதவில்லை. குளிக்கவும் துவைக்கவும் சோப்பு இல்லை. சோப்புக் கேட்டபோது அது ஆடம்பரப் பொருள் என்று அதிகாரிகள் விடையளித்தனர். தொடக்கத்தில், களத்தில் போரிட்டுக் கொண்டிருந்தவரின் மனைவி மக்களுக்குப் பங்கீட்டு உணவிலும் குறைத்தே கொடுத்தனர்.

எமிலி அம்மையார் சொற்பொழிவு ஆற்றவில்லை. கூடாரம் கூடாரமாகச் சென்றார். ஒவ்வொரு தாயின் பெயரையும், பிள்ளைகளின் எண்ணிக்கையையும், வீடு எரிந்த நாளையும், இறந்த குழந்தையின் வயதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கூடவே சோப்பு, வைக்கோல், கொதிகலன், விறகு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெறலானார். கேட்டவற்றுள் சில கிடைத்தன. நார்வல்ஸ்பாண்ட், அலிவால் நார்த், கிம்பர்லி, மாஃபெகிங் முதலிய முகாம்களையும் கண்டு, ஏப்ரலில் புளூம்பான்டெய்ன் மீண்டபோது அம்முகாமில் தொகை இரு மடங்காகியிருந்தது. தாம் முன்பு பெற்றுத்தந்த சிறு வசதிகள் அப்பெருக்கத்தில் கரைந்துபோயின என்பதைக் கண்டு, இனி இங்குச் செய்வதைக் காட்டிலும் இங்கிலாந்தில் பேசுவதே தேவை என முடிவு செய்தார்.

திரும்பும் வழியில் ஸ்பிரிங்ஃபான்டெய்ன் இரயில் நிலையத்தில் அவர் கண்ட காட்சி ஒன்று. துணியை இழுத்துக் கட்டிய நிழலில், மடியில் இறந்துகொண்டிருக்கும் குழந்தையுடன் ஒரு தாய். கண்ணீர் இல்லை, பேச்சும் இல்லை. குழந்தையையும் பார்க்கவில்லை, தன் துயரத்துக்குள் ஆழ்ந்து எங்கோ நோக்கியிருந்தாள். அக்காட்சியே பிற்காலத்தில் கல்லும் வெண்கலமும் கொண்டு எழுந்த நினைவுச் சின்னத்துக்குக் கருவாயிற்று.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கொலையைத் தான் செய்தல், பிறரால் செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் ஆகிய மூன்றும் விலக்கத்தக்கவை என நம் இல்லத்துப் பிள்ளைகள் இளமையிலேயே கற்கின்றனர். முதலிரண்டும் எளிதில் விளங்கும். மூன்றாவதை விளக்குவதுதான் ஆசிரியர்க்குக் கடினம். இலண்டனில் காலைச் செய்தித்தாளை விரித்து, வெற்றிச் செய்தி படித்து மகிழ்ந்த இல்லத்தார் எவரும் ஒரு வீட்டையும் கொளுத்தவில்லை. கொளுத்துமாறு ஆணையிடவும் இல்லை. அவர்தம் உடன்பாடு மட்டும் இருந்தது. அந்த உடன்பாட்டைத்தான் எமிலி அம்மையார் அசைத்தார். நாட்டைக் காக்கும் பொருட்டு எதிரியோடு பொருதல் இல்லறத்தார்க்கு விலக்கன்று, அது விரோதி இம்சை என்று சிலர் எடுத்துக்காட்டக் கூடும். கூடாரத்தில் கிடந்தவர் கையில் ஆயுதம் இல்லை என்பதே அதற்கு விடை.

1901 மே மாதம் இங்கிலாந்து சேர்ந்து, போர் அமைச்சரை நேரிற் கண்டார். ஜூனில் தம் அறிக்கையை அச்சிட்டு வழங்கினார். அதில் வசைமொழி அரிது. கண்டவை, கேட்டவை, தேவையானவை என்ற அளவில் அடங்கிய அறிக்கை அது. எதிர்க்கட்சித் தலைவர் காம்ப்பெல் பானர்மன், அவரைச் சந்தித்த மறுநாளே, அரசின் போர்முறையைக் காட்டுமிராண்டி முறை என்று மேடையில் கண்டித்தார். நாடு இரண்டுபட்டது. அம்மையாரின் கூட்டங்களுக்கு மண்டபங்கள் மறுக்கப்பட்டன. செய்தித்தாள்கள் அவரை எள்ளி நகையாடின.

அரசு, பெண்டிர் வாக்குரிமைக்குப் போராடிய மில்லிசென்ட் ஃபாசெட் அம்மையார் தலைமையில் மகளிர் குழு ஒன்றை அனுப்பியது. எமிலி அம்மையாருக்கு அதில் இடமில்லை. அரசுச் சார்புடையோர் நிரம்பிய அக்குழுவே முகாம்களைச் சுற்றிப் பார்த்தபின் அவர் கூறிய குறைகளில் பெரும்பாலானவற்றை மெய்யென்று ஏற்றுப் பரிந்துரைகள் செய்தது. எமக்கு இப்பகுதி மிகவும் வியப்பளிப்பது. ஒருவர் சொல்லை மறுக்கச் சென்றோர், கண்டதைக் கண்டவாறே எழுதினர். ஃபாசெட் அம்மையாருக்கும் உரிய பெருமையை அளித்தாக வேண்டும்.

அக்டோபரில் எமிலி அம்மையார் மீண்டும் கேப் டவுன் சென்றார். கரையிறங்க விடவில்லை. வேறு கப்பலுக்கு மாற மறுத்தவரைச் சால்வையால் சுற்றித் தூக்கிச் சென்று ஏற்றித் திருப்பி அனுப்பினர். அம்மாதத்தில்தான் முகாம்களின் இறப்பு உச்சத்தைத் தொட்டது: ஆண்டுக் கணக்கில் ஆயிரத்துக்கு 344 என்னும் வீதம். அதன்பின் நிர்வாகம் இராணுவத்திடமிருந்து சிவில் அதிகாரிகளிடம் மாறி, நீரும் உணவும் மருத்துவமும் சீர்பெற, 1902இல் இறப்பு விரைந்து குறைந்தது. முகாம்களில் மாண்ட போயர் மக்கள் ஏறக்குறைய 28,000 பேர். அவருள் 22,000 பேர் பதினாறு வயது நிரம்பாதவர். சோப்பும் சுடுநீரும் ஆறு மாதம் முந்திக் கிடைத்திருந்தால் எத்தனை பிள்ளைகள் பிழைத்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

கறுப்பின மக்களின் முகாம்கள்

இக்கணக்கில் சேராதோர் உண்டு. பண்ணைகளில் உழைத்த கறுப்பின மக்களும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தனி முகாம்களில் அடைக்கப்பட்டனர். பதிவான இறப்பே 14,000க்கு மேல். உண்மைத் தொகை 20,000க்குக் குறையாது என்பது ஆய்வாளர் கருத்து. எமிலி அம்மையார் அம்முகாம்களைக் குறித்துக் கேள்வியுற்று, யாரேனும் சென்று பார்க்க வேண்டும் எனக் கேட்டுக்கொண்டார்; தாம் செல்லவில்லை. தம் ஆற்றலும் பொருளும் அதற்குப் போதவில்லை என்பது அவர் நிலை. குறையைக் குறையென்றே எழுதுதல் முறை.

ஆயினும் அவர் மறக்கவில்லை. போயர் பெண்டிர்க்கும் குழந்தைகளுக்கும் புளூம்பான்டெய்னில் எழுப்பிய நினைவுச் சின்னத்தை 1913 டிசம்பர் 16 அன்று திறந்துவைக்க அவரையே அழைத்தனர். உடல்நலங் குன்றி வழியிலேயே தங்கிவிட்டதால் அவருடைய உரை மட்டும் அங்குப் படிக்கப்பட்டது. அதில், அதே போரில் மாண்ட கறுப்பினக் குழந்தைகளையும் நினைக்குமாறு அவர் கேட்டிருந்தார். பொன்விழா ஆண்டான 1963இல் அவ்வுரையை மீண்டும் அச்சிட்டபோது அப்பகுதியை நீக்கிவிட்டனர்! பாடநூல்களில் மட்டுமா விடுபாடு?

அதே நாட்களில்தான் நேட்டாலில் நம் தமிழ்த் தொழிலாளர் மூன்று பவுன் தலைவரியை எதிர்த்துக் காந்தியடிகள் தலைமையில் போராடிக் கொண்டிருந்தனர். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் நீத்த போராட்டம் அது. ஆட்சியிலிருந்தோர் போத்தாவும் ஸ்மட்ஸும். முன்னாள் போயர் தளபதிகள். அவர்தம் மக்களுக்காக வசை ஏற்ற எமிலி அம்மையார், இப்போது இந்தியர் குறையைக் கேளுங்கள் என்று ஸ்மட்ஸுக்கு எழுதினார். காந்தியடிகளோடும் தொடர்பு கொண்டு, பேச்சுக்கு இடம் உண்டாகப் பொறுத்திருக்குமாறு கேட்டார். 1914இல் இந்தியர் துயர் நீக்கச் சட்டம் வந்து அவ்வரி ஒழிந்தது. அவ்வுதவியைக் காந்தியடிகள் மறக்கவில்லை. அம்மையார் மறைந்தபோது தம் இதழில் நன்றியோடு எழுதினார்.

போருக்குப் பிந்திய ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்கிறோம். வீடிழந்த போயர் பெண்கள் பிழைப்பதற்கு நூற்பும் நெசவும் கற்பிக்கும் பள்ளிகளை அவர் 1905 முதல் நிறுவினார். முதற்பள்ளி ஃபிலிப்போலிஸ் என்னும் சிற்றூரில். உலகப் போர் மூண்ட முதற் கிறிஸ்துமஸின்போது, பகைநாடான ஜெர்மனி, ஆஸ்திரியப் பெண்டிர்க்கு அமைதி வாழ்த்து மடல் வரைந்தார். 101 ஆங்கிலப் பெண்டிர் கையெழுத்திட்ட அம்மடலுக்கு அங்கிருந்து 155 பெண்டிர் மறுமொழி விடுத்தனர். 1915 ஏப்ரலில், போரிடும் நாடுகளினின்றும் நடுநிலை நாடுகளினின்றுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்டிர் ஹேக் நகரில் மாநாடு கூட்டினர். அதன் பணிகளுக்காக அவர் ஆம்ஸ்டர்டாமில் சில திங்கள் உழைத்தார். 1916இல் தனியொருவராக ஜெர்மனிக்கே சென்று வெளிநாட்டு அமைச்சரைக் கண்டு பேசினார். பயன் விளையவில்லை, இங்கிலாந்தில் பழி மட்டும் வளர்ந்தது. போர் முடிந்தபின் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் பட்டினியால் மெலிந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் பணியை மேற்கொண்டார். அப்பணிக்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் பொருள் வந்தது.

முதுமையில் அவருக்கென வீடில்லை என்பதை அறிந்த தென்னாப்பிரிக்கப் பெண்டிர், ஆளுக்கு அரை கிரவுன் எனச் சேர்த்து 2,300 பவுன் அனுப்பினர். கார்ன்வாலில் கடலோரத்துச் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் அவ்வீடு 1921இல் வாங்கப்பட்டது. 1926 ஜூன் 8 அன்று அவர் இலண்டனில் மறைந்தார். அவருடைய சாம்பல் அக்டோபரில் புளூம்பான்டெய்ன் நினைவுச் சின்னத்தின் அடியில், அந்தத் தாயின் சிலையருகே வைக்கப்பட்டது. அவர் பிறந்த நாட்டில் அன்று அதைப் பொருட்படுத்தியோர் சிலரே.

பிற்காலத்தில் தென்னாப்பிரிக்கக் கடற்படையார் தம் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரை இட்டனர். நன்றியுணர்வினால்தான் இட்டிருப்பர், படித்தபோது எமக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒருங்கே வந்தன. அப்பெயர் பின்னர் மாற்றப்பட்டுவிட்டது. ஆரஞ்சு சுதந்திர நாட்டுப் பகுதியில் ஹாப்ஹவுஸ் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. வீட்டில் பெரிய தேசப்படம் வைத்திருப்போர் பிள்ளைகளை அழைத்து, லெசோதோ நாட்டு எல்லையை ஒட்டித் தேடிப் பார்க்கச் சொல்லலாம்.