மணிச்சத்தும் அது மண்ணில் தங்கும் விதமும்

1669-ம் வருஷத்தில் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிங் பிராண்டு என்பவர் சிறுநீரைக் காய்ச்சிப் பாஸ்பரஸைக் கண்டுபிடித்தார். வெண் பாஸ்பரஸ் கொடிய விஷம்; காற்றுப் பட்டால் தீப்பற்றுமாதலின் அதை நீருக்குள் வைப்பர். சிவப்புப் பாஸ்பரஸ் தீப்பெட்டியின் உரசும் பக்கத்திற்கு உதவும். பயிருக்கு வேண்டுவதோ பிராணவாயுவுடன் கூடிய பாஸ்பேட். வேரோட்டத்திற்கும் மணி பிடிப்பதற்கும் இன்றியமையாததாகலின் இதனை மணிச்சத்து என்பர்.

மின்சாரம் ஏறிய அணுத்தொகுதிக்கு அயனி என்று பெயர். பாஸ்பேட் அயனி மூன்று எதிர் மின்னேற்றம் உடையது. மண்ணீரில் ஹைட்ரஜனுடன் கூடி, பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ உடையதாய் நிற்கும். புதுச்சேரி உப்பளத்திற்குப் பெயர் தந்த கறியுப்பிலுள்ள குளோரைடும் எதிர் மின்னேற்றமுடையதே. ஆயினும் அது மழைநீரோடு கரைந்து இறங்கிவிடும். பாஸ்பேட் அவ்வாறு இறங்காது. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் கால்சியத்தையும், புளிப்புள்ள செம்மண்ணில் இரும்பு, அலுமினியம் ஆகியவற்றையும் பற்றி எளிதிற் கரையாத பொருளாகிவிடும். ஆகவே புன்செய்ப் பயிருக்கு மேலாகத் தூவிய உரம் விழுந்த இடத்திலேயே தங்கும். வேருக்கு எட்டாமல் பணம் வீணாகும்.

ராணிப்பேட்டையில் பாரி கம்பெனியார் 1906-ல் சூபர் பாஸ்பேட் செய்யத் தொடங்கினர். நீரில் கரையும் இவ்வுரத்தில் நூற்றுக்குப் 16 பங்கு மணிச்சத்து உண்டு. எலும்புத் தூள் மெல்லக் கரைவது. புளிப்பு நிலத்திற்கே ஏற்றது.

குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. மணிச்சத்து முழுவதையும் கடைசி உழவிலேயே, வேர் செல்லும் ஆழத்தில் இடுக.

2. நன்கு மக்கிய தொழுவுரத்துடன் கலந்து இடுக.

3. மண்ணைப் பரிசோதித்து, சத்து முன்பே சேர்ந்துள்ள நிலத்தில் உரத்தைக் குறைத்திடுக. கிராம உத்தியோகஸ்தர்கள் இதனை ஊராருக்கு எடுத்துரைத்தல் நலம்.