படலங்களைப் பிரித்தெடுத்தலும் பெயரிடுதலும்

செயற்கைக் கோள் எடுக்கும் பூமியின் படம், சாதாரணப் புகைப்படத்தைப் போன்றதன்று. நிலப்பரப்பு சிறு சிறு சதுரக் கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் எண் குறிக்கப்படுகிறது. அவ்வெண்களின் தொகுதியே படம். இதனை ராஸ்டர் என்பர். ஒரே பிரதேசத்தைப் பச்சை ஒளியில் ஒரு முறை, சிவப்பு ஒளியில் ஒரு முறை என்று அளந்தால், ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கத்தக்க பல படலங்கள் கிடைக்கும். அப்பிரதேசத்தின் மழையை நாள்தோறும் அளந்தாலும் அவ்வாறே. இத்தகைய படலங்கள் சேர்ந்த அடுக்கிலிருந்து வேண்டியவற்றைப் பிரித்தெடுப்பதும், அவற்றிற்குப் பெயரிடுவதும் மிக எளிய வேலைகள் என்றே மாணவர்கள் எண்ணுவர். வேலை எளியதுதான். அதில் நேரும் பிழைதான் எளிதில் புலப்படுவதில்லை.

ஆர் என்னும் நிரல்மொழியை எடுத்துக்கொள்வோம். நியூஜிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவர் 1990-களின் தொடக்கத்தில் புள்ளிவிவரக் கணக்குகளுக்கென்று அதனை உருவாக்கினர். ராஸ்டர் அடுக்குகளைக் கையாள அம்மொழியில் இன்று பெரிதும் வழங்குவது டெர்ரா என்னும் நிரல்தொகுதி. இதற்கு முன்பு வழங்கிய ராஸ்டர் என்னும் தொகுதியை இயற்றிய ராபர்ட் ஹைமன்ஸ் என்பவரே இதனையும் இயற்றினார்.

டெர்ராவில் ஓர் அடுக்கைக் குறிப்பிட்டு, அதையடுத்து இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் 3 என்று எழுதினால் மூன்றாவது படலம் வரும். 2:3 என்று எழுதினால் இரண்டாவதும் மூன்றாவதும் வரும். எண்ணுக்குப் பதிலாக, மேற்கோள் குறிகளுக்குள் படலத்தின் பெயரை எழுதினாலும் அப்படலம் கிடைக்கும். ஒற்றை அடைப்புக்குறி இட்டாலோ, வருவது படலமன்று. அந்த வரிசையெண்ணுடைய கட்டத்தின் மதிப்புகளே வரும். புதிதாகக் கற்போர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. அதனால் பெருந்தீங்கில்லை, பிழை அடுத்த வரியிலேயே வெளிப்பட்டுவிடும். வெளிப்படாத பிழை எண்ணால் எடுப்பதில் இருக்கிறது.

நமது ரிசோர்ஸ்சாட் செயற்கைக் கோள்களில் உள்ள லிஸ்-3 என்னும் கருவியைப் பார்ப்போம். 23.5 மீட்டர் அளவுள்ள கட்டங்களில் இது நான்கு அலைப்பட்டைகளை அளக்கிறது. பச்சை ஒளி 2-ஆம் பட்டை, சிவப்பு 3, அண்மை அகச்சிவப்பு 4, குறு அலை அகச்சிவப்பு 5. முதற்பட்டை எங்கே என்று வாசகர் கேட்கக்கூடும். 1988-இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ கோளின் கருவிகளில் நீல ஒளிக்கு 1 என்ற எண் இருந்தது. 1995-இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1சி கோளில் லிஸ்-3 அமைக்கப்பட்டபோது நீலம் விடப்பட்டு, 5-ஆம் பட்டை சேர்க்கப்பட்டது. மற்றவை பழைய எண்களையே வைத்துக்கொண்டன. முதல் ஏடு செல்லரித்துப்போன சுவடிக் கட்டில் மூன்றாவதாக இருக்கும் ஏட்டில் நான்கு என்று எழுதியிருப்பதைப் போன்ற நிலை இது.

தாவரச் செழுமையை அளக்க எளிய சூத்திரம் ஒன்று உண்டு. அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, அதனை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கவேண்டும். பசுந்தழை சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு, அண்மை அகச்சிவப்பைப் பெருமளவில் திருப்பி அனுப்புவதால், செழிப்பான வயலில் இவ்விடை ஒன்றை நோக்கி உயரும். பட்டை எண்கள் 4, 3 என்று மனப்பாடம் செய்த மாணவர், அடுக்கிலும் 4, 3 என்றே எழுதிவிடுகிறார். நான்காவது இடத்தில் இருப்பது 5-ஆம் பட்டை. மூன்றாவது இடத்தில் இருப்பது 4-ஆம் பட்டை. ஈரப்பசையுள்ள இலை குறு அலை அகச்சிவப்பை உறிஞ்சுவதால், செழிப்பான வயலுக்கு எதிர்மறை எண்ணும், வறண்ட தரிசுக்கு நேர்மறை எண்ணும் விடையாக வரும். படம் தலைகீழாகிவிட்டது, கணிப்பொறியோ எவ்வித எச்சரிக்கையும் செய்யாது, ஏனெனில் கணக்கு முறைப்படி நடந்திருக்கிறது. இதை எழுதுபவரே ஒருமுறை இவ்வாறு செய்து, தாம் நேரில் பார்த்து வந்த நெல்வயல்கள் குளங்களைப் போலத் தோன்றுவது கண்டு அரைநாள் மயங்கியதுண்டு. வயலை நேரில் பாராதவர் அந்தப் படத்தை அப்படியே பயிர்க் கணக்கில் சேர்த்திருப்பார்.

ஆகவே அடுக்கை அமைத்தவுடன் நேம்ஸ் என்னும் கட்டளையால் பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு, குறு அலை என்று பெயர்களை வரிசையாக இட்டுவிடுவது நலம். அதற்குப்பின் சூத்திரத்தில் பெயர்களையே எழுதலாம். நடு இரு படலங்களை மட்டும் பிரித்தெடுத்தால், முன்பு இரண்டாவதாக இருந்தது புதிய அடுக்கில் முதலாவதாகிவிடும். வரிசையெண் மாறினாலும் பெயர் படலத்தோடு கூடவே செல்லும்.

பெயரிடுவதற்கு முன் கோப்புகளின் வரிசையையும் பார்த்துக்கொள்ளவேண்டும். லாண்ட்சாட்-8 கோளின் பட்டைகள் தனித்தனிக் கோப்புகளாகக் கிடைக்கின்றன. அவற்றை அகரவரிசையில் அடுக்கினால் 1-க்குப் பின் 10, 11 ஆகியவை வந்து, அதன்பிறகே 2 வரும். இவ்வரிசையின்மேல் இயற்கை எண்வரிசைப்படி பெயர் சூட்டினால், பெயரே பொய்யாகிவிடும். அது பெயரில்லாமையினும் கேடு.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901-ஆம் ஆண்டு முதலான அன்றாட மழையளவைக் கால் பாகைக் கட்டங்களில் தொகுத்து, ஆண்டுக்கு ஒரு கோப்பாக அளிக்கிறது. கட்டங்கள் 135-க்கு 129; படலங்கள் 365 அல்லது 366. தென்மேற்குப் பருவமழைக் காலமாகிய ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரையிலான 122 நாட்கள், சாதாரண ஆண்டில் 152 முதல் 273 வரையுள்ள படலங்களாகும். லீப் ஆண்டில் இவை 153 முதல் 274 வரை. பழைய எண்களையே 2020-ஆம் ஆண்டுக் கோப்பிலும் இட்டால் மே 31 உள்ளே வந்து, செப்டம்பர் 30 வெளியே போய்விடும். மொத்த மழையளவில் வேறுபாடு சிறிதாக இருக்கலாம். ஆயின் ஒரு நாளில் கொட்டிய பெருமழையை ஆராய்பவருக்குப் பருவம் முழுவதும் ஒரு நாள் பிசகிநிற்கும். (காலை எட்டரை மணிக்கு முடியும் 24 மணி நேர மழையே அந்நாளின் மழையாகக் குறிக்கப்படுகிறது என்பதையும் இங்கே நினைவில் வைக்கவேண்டும்.) படலங்களுக்குத் தேதிகளையே பெயராக இட்டு, மாதப் பகுதி 06 முதல் 09 வரை உள்ளவற்றைத் தேர்ந்தால், லீப் ஆண்டா அல்லவா என்ற கேள்வியே எழாது. ஆண்டு, மாதம், நாள் என்ற முறையில், ஜூனை 6 என்னாமல் 06 என்று எழுதினால் அகரவரிசையும் காலவரிசையும் ஒன்றாகவே அமையும்.

பழைய ராஸ்டர் தொகுதியில் எழுதிய நிரல்களை இன்னும் உபயோகிப்போர் ஒன்று அறியவேண்டும். எண்ணில் தொடங்கும் பெயரை அது ஏற்பதில்லை. எக்ஸ் என்னும் எழுத்தை முன்னே சேர்த்து, இடைக்கோடுகளைப் புள்ளிகளாக்கிவிடும். தேதியை இட்டவர் அதே தேதியைத் தேடினால் கிடைக்காது. டெர்ரா இட்ட பெயரை இட்டவாறே வைத்துக்கொள்கிறது.

கணக்கில் பிறந்த புதிய படலத்திற்கும் அப்போதே பெயர் சூட்டவேண்டும். இல்லையேல் அது மூலப்படலத்தின் பெயரையே தாங்கி நிற்கக்கூடும். முடிவில் ஜியோடிஃப் கோப்பாகச் சேமிக்கும்போது டெர்ரா படலப் பெயர்களையும் அதில் எழுதிவைக்கிறது. அக்கோப்பை மீண்டும் திறந்து, பெயர்களைக் கேட்டு, ஏதேனும் ஒரு படலத்தில் நமக்குத் தெரிந்த ஓர் ஏரியையோ வயலையோ பார்த்துச் சரிபார்த்தபின் பிறரிடம் கொடுக்கலாம்.