ஒப்பந்தங்களைப் படிக்கப் புகுந்த தம்பிக்கு

பாடாலூர்

அன்புள்ள தம்பி,

இந்தியாவும் இலங்கையும் சுதந்திரம் பெற்ற நாள்முதல் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகளையும், அவற்றையொட்டி மாற்றிக்கொண்ட கடிதங்களையும், பின்னால் வெளியிட்ட கூட்டறிக்கைகளையும் ஆதாரமாக வைத்து, இரண்டு சர்க்கார்களும் எந்தெந்தக் காலத்தில் எதை உண்மையாக வேண்டின, எந்த இடத்தில் தங்கள் கொள்கையைத் திருப்பிக்கொண்டன என்று ஆராயப் போவதாக நீ எழுதியிருந்ததையும், அத்துடன் அனுப்பிய முதல் அத்தியாயத்தையும் சிரத்தையோடு படித்தேன். பதிலை உனக்கு மட்டும் எழுதாமல் பகிரங்கக் கடிதமாக எழுதுவதற்குக் காரணம், இந்தத் துறையில் தமிழில் எழுத வரும் பிள்ளைகள் அநேகமாக ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள் என்பதே.

1987 ஜூலை 29-ஆம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தின் முகவுரையை நீ பக்கம் பக்கமாக வியாக்கியானம் செய்திருக்கிறாய். நட்பு, ஒருமைப்பாடு, புராதன உறவு என்று அங்கே வரும் பதங்கள் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எந்தத் தேசமும் எந்தத் தேசத்திடமும் சொல்லக்கூடிய அவ்வார்த்தைகளைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட தேசத்தின் மனத்தை அளப்பது எப்படி? வடக்கு கிழக்கு மாகாணங்களின் தற்காலிக இணைப்பு, சர்வஜன வாக்கெடுப்பு, ஆயுத ஒப்படைப்பு, தமிழுக்கு ஆட்சிமொழி அந்தஸ்து என்று நீளும் ஷரத்துகள் வரைக்கும் வந்து நீ நின்றுவிட்டாய். அதே நாளில் அவ்விரு தலைவர்களும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களை உன் அத்தியாயம் ஓர் அடிக்குறிப்பில் தள்ளிவிட்டிருக்கிறது. அவற்றை எடுத்து மேசைமேல் வை. வெளிநாட்டு ராணுவ, உளவு ஆட்களை இலங்கை அமர்த்திக்கொள்வது பற்றி இருவரும் விரைவில் ஓர் உடன்பாட்டுக்கு வருவது. திருகோணமலையோ வேறெந்தத் துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் எந்த அந்நிய ராணுவத்துக்கும் கிடைக்காமல் பார்த்துக்கொள்வது. திருகோணமலையின் எண்ணெய்த் தொட்டிகளைப் புதுப்பித்து நடத்தும் வேலையை இரு தேசங்களும் கூட்டாக மேற்கொள்வது. அந்நிய வானொலி நிலையங்களோடு இலங்கை செய்துகொண்ட ஏற்பாடுகளை, அவை உளவுக்கும் ராணுவத்துக்கும் பயன்படாதபடி மறுபரிசீலனை செய்வது. இவற்றில் தமிழர் பிரச்னை என்ற பிரஸ்தாபமே இல்லை என்பதைக் கவனி. யாழ்ப்பாணத்து மக்களின் துயரம் டில்லிக்குப் பொருட்டாகவே இருக்கவில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதே. அது அவசரக்காரரின் முடிவு. ஒப்பந்தத்தின் உடலில் ஒரு நோக்கமும், அதன் கடிதத்தில் இன்னொரு நோக்கமும் இருந்தன, இரண்டும் உண்மையானவை, காலம் சென்றபின் எது நீடித்தது என்பதுதான் ஆராய்ச்சியாளன் கேட்க வேண்டிய கேள்வி. மாகாணங்களின் இணைப்பு நீதிமன்றத் தீர்ப்பால் கலைந்துபோயிற்று, வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. எண்ணெய்த் தொட்டிகளோ, முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 2022 ஜனவரியில் கையெழுத்தான ஏற்பாட்டில் வந்து சேர்ந்தன: மொத்தம் 99 தொட்டிகளில் 61 கூட்டு நிறுவனத்துக்கு, 14 இந்தியன் ஆயிலின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. நடுவில் இரு தேசங்களிலும் எத்தனையோ ஆட்சிகள் வந்து போயின. அப்படி ஆட்சிகள் மாறியும் மாறாமல் நிற்பதைத்தான் ஒரு ராஜ்யத்தின் நலன் என்று துணிந்து எழுதலாம்.

வாசகத்தில் ஒன்றைச் சொல்லி உத்தேசத்தில் வேறொன்றை வைக்கும் இந்த வித்தை நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. 1751-இல் ஆற்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் மோதிக்கொண்டு, முன்னவருக்கு ஆங்கிலேயரும் பின்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும் துணையாக நம் வாலிகண்டபுரத்தில் எதிரெதிரே பாளையம் இறங்கியபோது, ரஞ்சன்குடிக் கோட்டையின் அதிகாரி இரு தரப்பின் அழைப்புக்கும் பணிவாகவே பதில் சொல்லிக்கொண்டு, ஒரு தரப்பையும் உள்ளே விடாமல் நாட்களைக் கடத்தினார் என்று ராபர்ட் ஓர்ம் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். பொறுமை இழந்த ஆங்கிலப் படை பேட்டையைத் தாக்கிய பிறகே அவர் பிரெஞ்சுக்காரருக்குக் கதவைத் திறந்தார். ஆங்கிலேயர் நம் ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கினார்கள். அந்த அதிகாரியின் பதில்களை மட்டும் படிப்பவன், அவரை இரு தரப்புக்கும் நண்பர் என்று எழுதுவான். பதிலுக்கும் பதிலுக்கும் இடையே அவர் எவ்வளவு அவகாசம் எடுத்துக்கொண்டார் என்று பார்ப்பவனுக்கே, வெல்பவன் யாரென்று தெரியும்வரை காத்திருந்த அவருடைய உத்தேசம் புலப்படும். ஆகையால் ஆவணத்தின் வாசகத்தைப் போலவே அதன் தேதியையும் படி.

இனி கச்சத்தீவுக்கு வருகிறேன். நம் மேடைகளில் இவ்வளவு உரக்கப் பேசப்பட்டும் இவ்வளவு குறைவாகப் படிக்கப்பட்ட விஷயம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் 1974 ஜூன் 26-ஆம் தேதி கொழும்பிலும் 28-ஆம் தேதி டில்லியிலுமாகக் கைச்சாத்திட்ட உடன்படிக்கை கச்சத்தீவை இலங்கையின் பக்கம் வைத்தது என்பதும், அதன் ஐந்தாம் ஷரத்து இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே அத்தீவுக்கு வந்துபோகலாம், அதற்குப் பிரயாணப் பத்திரமோ விசாவோ வேண்டியதில்லை என்று சொல்கிறது என்பதும் எல்லோரும் அறிந்தவை. ஆனால் ‘மேற்கூறியவற்றுக்கு உட்பட்டு’ என்று அந்த ஷரத்து தொடங்குவதை எத்தனை பேர் கவனித்தார்கள்? மேலே கூறப்பட்டது, அவரவர் பக்கத்து நீருக்கும் தீவுக்கும் அவரவரே பூரண அதிகாரி என்ற நான்காம் ஷரத்து. மீனவர் தீவுக்கு வரலாம் என்றதேயன்றி, அங்கே மீன் பிடிக்கலாம் என்ற வாசகம் ஐந்தாம் ஷரத்தில் இல்லை. இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் நீரில் பரம்பரையாக அனுபவித்த உரிமைகளை அனுபவிக்கும் என்று ஆறாம் ஷரத்து பொதுவாகச் சொல்லி முடித்துக்கொண்டது. அடுத்த மாதமே அயல்நாட்டு மந்திரி ஸ்வரண் சிங் பாராளுமன்றத்தில், மீன்பிடிப்பு, யாத்திரை, கப்பற்போக்குவரத்து ஆகிய பரம்பரை உரிமைகள் காப்பாற்றப்பட்டுள்ளன என்ற கருத்தில் விளக்கம் அளித்தார். உடன்படிக்கை சொல்லாமல் விட்டதை மந்திரியின் விளக்கம் சொல்லிற்று.

இவ்விரண்டுக்கும் கீழே மூன்றாவது காகிதம் ஒன்று இருக்கிறது. 1976 மார்ச் 23-ஆம் தேதி, மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லைக்கோடு வகுத்த உடன்படிக்கையோடு, இந்திய வெளிவிவகாரச் செயலாளர் கேவல் சிங்கும் இலங்கையின் செயலாளர் ஜயசிங்கவும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். இந்திய மீன்பிடிக் கலங்களும் மீனவர்களும் இலங்கையின் நீரில் அதன் வெளிப்படையான அனுமதியின்றி மீன் பிடிக்கக் கூடாது, அவ்வாறே அவர்களும் நம் நீரில், என்ற விலக்கு அந்தக் கடிதத்தில் இருக்கிறது. பிரதம மந்திரிகள் கைச்சாத்திட்டது ஒன்று. அதன் பலனை நிர்ணயித்தது அதிகாரிகள் எழுதிக்கொண்ட இன்னொன்று. அப்போது நாட்டில் நெருக்கடி நிலை அமலில் இருந்தது. தமிழகத்தின் மந்திரிசபை ஜனவரி 31-ஆம் தேதியே கலைக்கப்பட்டிருந்தது. ஆட்சேபிக்க வேண்டிய சட்டசபையும் இல்லை. ராமேசுவரத்து மீனவனின் வாழ்க்கையை மாற்றியது 1974 அல்ல, 1976 என்பது என் அபிப்பிராயம். மேடைகளில் தீவை மீட்பது பற்றியே பேசி, வலை விழுந்த நீரைப் பற்றிய கடிதத்தை மறந்துவிட்டோம்.

இங்கேயும் நின்றுவிடாதே. அதே 1976-ஆம் ஆண்டு ஏற்பாட்டில், கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் நிறைந்த வெட்ஜ் பேங்க் இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள் அடங்கியது. இலங்கைக் கலங்கள் மூன்று வருஷத்துக்கு மட்டும், ஆறுக்கு மேற்படாமல், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேற்படாமல், இந்திய அனுமதிச் சீட்டோடு அங்கே மீன் பிடிக்கலாம், பிறகு இல்லை. ஒரு கையால் கொடுத்ததை மட்டும் எழுதி மறுகையால் வாங்கியதை விட்டுவிடும் ஆராய்ச்சி வழக்காடுதலாகிவிடும். பாக் நீரிணையில் சின்னப் படகுக்காரர்கள் இழந்தது அதிகமா, தெற்குக் கடலில் தேசம் பெற்றது அதிகமா என்ற கணக்கை டில்லி போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் இழந்தவனும் பெற்றவனும் ஒருவனே அல்ல என்பதுதான் வேதனை.

நம் காரைக் கிராமத்து ஓடைகளில் பழங்காலக் கடலின் சிப்பிகளைத் தேடி வரும் பூகர்ப்ப சாஸ்திரிகள், ஒரு படிவைத் தனியே வைத்து எதையும் சொல்வதில்லை. அதன் மேலும் கீழும் உள்ளவற்றைச் சேர்த்துப் பார்த்தே கடல் எப்போது ஏறியது, எப்போது வடிந்தது என்று சொல்கிறார்கள். கொள்கை மாற்றமும் அப்படியே தெரியவரும். 1964 அக்டோபர் 30-ஆம் தேதிய சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தை மட்டும் படித்தால், இலங்கைத் தோட்டங்களில் உழைத்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றது, 3,00,000 பேரை இலங்கை ஏற்றது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்ற கணக்குத்தான் இருக்கும். கொள்கை திரும்பியது என்று ஒரு வரியும் இராது. அதனடியில் 1954-ஆம் ஆண்டின் நேரு–கொத்தலாவலை ஒப்பந்தத்தை வை. தாமாக விரும்பி விண்ணப்பிப்பவர்களுக்கே இந்தியப் பிரஜாவுரிமை என்று நேரு பிடித்து நின்ற நிலை, அவர் மறைந்த சில மாதங்களுக்குள், ஏழு பேருக்கு நான்கு பேர் என்ற விகிதமாக இறங்கியிருப்பது பளிச்சென்று தெரியும். மனிதர்களைப் பற்றிய வாதம் தொகையைப் பற்றிய பேரமாக மாறியதே அங்கே நடந்த திருப்பம். விட்டுவைத்த ஒன்றரை லட்சத்தை 1974 ஜனவரியில் 75,000 வீதம் பாதியாகப் பங்கிட்டு முடித்தார்கள். அந்த மக்களின் கைச்சாத்து எந்தக் காகிதத்திலும் இல்லை.

சர்க்காரின் உள் குறிப்புகள் கையில் கிடைத்தால் உனக்கு மயக்கம் உண்டாகும், எச்சரிக்கையாக இரு. கச்சத்தீவில் இந்தியாவுக்கே அதிக பாத்தியதை என்ற விதமாக 1958-இல் அட்டர்னி ஜெனரல் செதல்வாட் அபிப்பிராயம் கொடுத்தார்; 1961-இல் நேரு அத்தீவைத் தாம் பொருட்படுத்தவில்லை என்று குறிப்பு எழுதினார். இரண்டும் ஒரே சர்க்காரின் காகிதங்கள். இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக் கொடிபோல் பிடிப்பது கட்சிக்காரர்களின் வேலை. வக்கீல் எழுதுவது வழக்குக்காக, பிரதம மந்திரி எழுதுவது கோப்பை நகர்த்துவதற்காக. யார், யாருக்கு, எந்தத் தீர்மானத்தின் முன்னால் எழுதினார் என்று தெரியாத குறிப்பை மேற்கோள் காட்டாதே. அதுபோலவே காலத்தின் அண்மையைக் காரணமாக எண்ணிவிடாதே. 1974 மே 18-ஆம் தேதி பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடந்தது, ஆறு வாரத்துக்குள் கச்சத்தீவு கையெழுத்தாயிற்று; அண்டை நாட்டின் நல்லெண்ணம் தேவைப்பட்டதால் விட்டுக்கொடுத்தார்கள் என்று ஊகிக்க இடமிருக்கிறது. இணைக்கும் காகிதம் ஒன்று கிடைக்கும்வரை அதை ஊகம் என்ற பெயராலேயே எழுது.

காகிதங்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். அவதார் சிங் பாசின் தொகுத்த இந்திய–இலங்கை ஆவணங்கள், 1947 முதல் 2000 வரைக்குமானவை, ஐந்து பாகங்களாக அச்சில் இருக்கின்றன. முதலில் அவற்றை முடி. இருபத்தைந்து வருஷம் கழிந்த கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டிய விதி. எல்லாம் வந்து சேர்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டிராதே. கச்சத்தீவுக்கு உரிமை கொண்டாடிய ராமநாதபுரம் ஜமீன் தொடர்பான பழைய விவரங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் காத்திருக்கத்தான் வேண்டும்.

கடைசியாக, இரண்டாம் அத்தியாயத்துக்கு முன் ஓர் அப்பியாசம். 2020 செப்டம்பர் 26-ஆம் தேதி மோடியும் மகிந்த ராஜபக்சவும் காணொளி வழியே பேசிய பின் வெளியான கூட்டறிக்கையை எடுத்துக்கொள். 1987 ஒப்பந்தத்தையொட்டி இலங்கை அரசியல் சாசனத்தில் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தை நிறைவேற்ற வேண்டும் என்று இந்தியப் பிரதமர் கேட்டுக்கொண்டார் என்று ஒரு வாக்கியம் இருக்கும். மக்கள் தீர்ப்புக்கும் அரசியல் சாசன விதிகளுக்கும் இணங்க எல்லா இனத்தாரின் எதிர்பார்ப்பும் நிறைவேற இலங்கை பாடுபடும் என்று அவர்களுடைய பிரதமர் நம்பிக்கை தெரிவித்தார் என்று அடுத்த வாக்கியம் இருக்கும். திருத்தத்தின் எண் முதல் வாக்கியத்தில் உண்டு, இரண்டாவதில் இல்லை. ‘இருவரும் ஒப்புக்கொண்டனர்’ என்ற சொற்றொடர் அறிக்கையின் வேறு எந்தெந்த இடங்களில் வருகிறது, இந்த இடத்தில் ஏன் வரவில்லை என்று பட்டியலிட்டு, 1987 முதல் வந்த கூட்டறிக்கைகளில் இதே விஷயம் யார் வாயில் வைக்கப்பட்டிருக்கிறது என்று வருஷவாரியாக எழுதி அனுப்பு. முதல் அத்தியாயத்தில் வெட்ஜ் பேங்க் கடிதத்தையும் சேர்த்துவிடு; முகவுரைப் பகுதியைப் பாதிக்குமேல் குறைக்கலாம்.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும் அண்ணன்