செவித்திறன் சோதனை

தில்லி லக்ஷ்மிபாய் நகர், நடுவணரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. பணிநிமித்தம் தமிழகத்திலிருந்து வந்து இங்கே வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், வகுப்பில் ஆங்கிலமும் கேட்டு வளர்கின்றனர். அத்தகைய பிள்ளை சொல்வதெழுதுதலில் பிழை மிகச் செய்தால், 'மூன்று மொழிக் குழப்பம்' என்று பெரியோர் எளிதில் முடிவுகட்டிவிடுகின்றனர். கவனக்குறைவு என்று கடிந்துகொள்வோரும் உளர். காது சரியாகக் கேட்கிறதா என்னும் ஐயம் கடைசியில்தான் எழுகிறது. முதலில் எழவேண்டிய ஐயம் அதுவே.

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானே என்பர். உயிரொலிகள் உரத்தவை, ச, த, க முதலிய மெய்யொலிகள் மெலிந்தவை. உயர் அதிர்வெண் ஒலிகள் மட்டும் கேளாத பிள்ளைக்குக் குரல் கேட்கும்; சொன்னது 'கல்'லா, 'பல்'லா என்பது விளங்காது. ஆனால் ல, ள, ழ மயங்குவதை மட்டும் வைத்துக் காதைக் குறைகூறுதல் முறையன்று. அம்மயக்கம் தமிழகத்திலும் நிரம்ப உண்டு.

லக்ஷ்மிபாய் நகருக்கு அருகிலேயே 1956ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற எய்ம்ஸ் மருத்துவமனையும், அதற்கு எதிரே சப்தர்ஜங் மருத்துவமனையும் உள்ளன. இத்தகைய பெரிய மருத்துவமனைகளில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு மருத்துவர் முதலில் விளக்குப் பொருத்திய சிறு கருவியால் காதினுள் நோக்குவார். குறும்பி அடைத்திருந்தால் அதனை நீக்கிய பின்னரே சோதனை நடைபெறும். சோதனைக்கு முந்தைய நாள் உரத்த இசையும் பட்டாசும் தவிர்த்தல் நன்று. பேரொலி கேட்ட காது சிறிது நேரம் மந்தமாயிருக்கும்.

சோதனை ஒலிபுகா அறையில் நிகழும். கதவு மூடியதும் தன் மூச்சொலியே கேட்குமளவுக்கு அங்கே அமைதி நிலவும். சிறுவர் சிலர் அதற்கே அஞ்சுவர். ஊசியோ வலியோ இல்லை. காதுகளில் ஒலிவாங்கி அன்று, ஒலிபெருக்கிக் கருவியான ஹெட்போன் பொருத்தப்படும். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள், ஒரு காதுக்குப் பின் மறு காதில், படிப்படியாகத் தேய்ந்து ஒலிக்கும். எவ்வளவு மெல்லியதாயினும் ஒலி கேட்டவுடன் பொத்தானை அழுத்துதல் வேண்டும். கேளாதபோது ஊகித்து அழுத்துதல் கூடாது. தேர்வில் ஊகித்து எழுதிப் பழகிய மாணவர் இங்குதான் தவறுவர். மிகச் சிறு குழந்தையாயின், ஒலி கேட்கும்தோறும் ஒரு கட்டையைக் கிண்ணத்தில் போடும் விளையாட்டாகவே சோதனை அமையும்.

பின்னர்க் காதின் பின்புற எலும்பில் சிறிய அதிர்வுக் கருவி வைக்கப்படும். அது வெளிக்காதையும் நடுக்காதையும் தாண்டி உட்காதுக்கே ஒலியைச் செலுத்துவது. இதில் நன்றாகக் கேட்டு, ஹெட்போனில் குறைவாகக் கேட்டால், கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ உள்ளது எனலாம். சளி பிடித்த பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்குவது இவ்வகையினது. பெரும்பாலும் குணமாகக் கூடியது. சில வேளை மறு காதில் மழை பொழிவதுபோன்ற இரைச்சல் எழும். சோதிக்கும் காதுக்கு உதவ மறு காது குறுக்கிடாதபடி செய்யும் ஏற்பாடே அது.

சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பகுதியும் உண்டு. பிள்ளைக்கு நன்கு பழகிய மொழி எதுவெனப் பெற்றோர் முன்னரே கூறிவிடல் வேண்டும். பழகாத மொழிச் சொல்லைத் தவறாகச் சொன்னால், அது காதின் குறையாகக் கணக்கிடப்படலாம்.

முடிவு வரைபடமாகத் தரப்படும். வலக்காதுக்குச் சிவப்பு வட்டம். இடக்காதுக்கு நீலப் பெருக்கல் குறி. மதிப்பெண் பட்டியலுக்கு இது நேர்மாறு: டெசிபல் எண் கூடக்கூடக் குறி கீழே இறங்கும், கேட்கும் திறன் குறைவு என்பது பொருள். மெல்லக் கிசுகிசுப்பது ஏறத்தாழ 30 டெசிபல். இயல்பான உரையாடல் 60. வரைபடத்தில் குறிகள் 40-இல் நிற்குமாயின், கடைசி வரிசையில் அமர்ந்த பிள்ளைக்கு ஆசிரியரின் பாடம் பாதிதான் எட்டும். மருத்துவம் முடியும்வரை முன்வரிசை இருக்கை கேட்டுப் பெறுதல் அப்பிள்ளையின் உரிமை, சலுகை அன்று.

பணிமாற்றலாகி ஊர் மாறும் குடும்பங்கள் இவ்வரைபடத்தைப் பள்ளி மாற்றுச் சான்றிதழோடு சேர்த்தே பத்திரப்படுத்துதல் வேண்டும். அடுத்த ஊரில் எடுக்கும் வரைபடத்தை இதனோடு ஒப்பிட்டே, கேட்கும் திறன் நிலைத்துள்ளதா, குறைந்துவருகிறதா என மருத்துவர் அறிவார்.